நாட்காட்டியின் சிவப்பு நாளும் ஊரின் தேரும்
மதுரைச் சமவெளியில் கத்தோலிக்கத் திருவிழாக்களும் பொது விடுமுறையும்: ஓர் ஆய்வு

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு. மதுரையில் அன்றுதான் மீனாட்சியம்மன் தேரோட்டம். கிறிஸ்தவர்களுக்கு அது இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன். மறுநாள் ஏப்ரல் 19 சித்ரா பௌர்ணமி; அழகர் வைகையில் இறங்கினார். அதே நாள் புனித வெள்ளி. கரையில் லட்சக்கணக்கானோர் திரண்டிருந்த நேரத்தில், கீழவெளி வீதியின் தூய மரியன்னை பேராலயத்திலும் நகரின் மற்ற ஆலயங்களிலும் மக்கள் ஒருசந்தி இருந்து சிலுவைப் பாதை நடந்தார்கள்.

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதுமே எதிர்ப்பு எழுந்தது. சித்திரைத் திருவிழாவைச் சுட்டிக்காட்டி வழக்கு நடந்தது. பெரிய வியாழனைச் சுட்டிக்காட்டிக் கிறிஸ்தவ அமைப்புகளும் நீதிமன்றத்தை அணுகின. வாக்குச்சாவடிகளில் பல கிறிஸ்தவப் பள்ளிகளில் இருந்தன, அந்த வளாகங்களிலேயே வழிபாடும் நடக்க வேண்டியிருந்தது. தேதி மாறவில்லை. மதுரையில் மட்டும் வாக்குப்பதிவு இரண்டு மணி நேரம் நீட்டிக்கப்பட்டு இரவு 8 மணி வரை நடந்தது.

இந்த இரண்டு நாள்கள் ஒரு பெரிய கேள்வியைத் திறந்து வைத்தன. ஒரு சமயத்தாரின் திருநாள் எல்லாருக்குமான விடுமுறையாவது எப்படி? அரசாணை வந்தால் போதுமா? அரசின் விடுமுறைப் பட்டியலில் இடமே இல்லாத ஒரு திருவிழா ஊரின் பொதுவிழாவாக இருக்க முடியுமா? மதுரை நகரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் முன்வைத்து இதைப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் சுமார் 6 விழுக்காடு. மதுரை மாவட்டத்தில் அதில் ஏறக்குறையப் பாதிதான். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்தின் விழா பொதுவெளியில் எப்படி நிற்கிறது என்பதைக் காண இது பொருத்தமான களம்.

சட்டம் தரும் விடுமுறை

பொது விடுமுறை என்று நாம் சொல்வதன் சட்ட வேர் ஒரு வணிகச் சட்டத்தில் இருக்கிறது. காசோலை, உண்டியல் போன்றவற்றை ஒழுங்குபடுத்தும் 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 25-ஆம் பிரிவில் பொது விடுமுறையை வரையறுக்கிறது. பணம் கொடுக்க வேண்டிய நாளில் வங்கி மூடியிருந்தால் என்ன செய்வது என்ற நடைமுறைத் தேவைக்காக எழுதப்பட்ட பிரிவு அது. ஆங்கிலேயர் காலத்து மூல வாசகத்தில் ஞாயிற்றுக்கிழமை, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவை பெயர் சொல்லியே இடம்பெற்றிருந்தன. மற்ற நாள்களை அரசு அறிவிக்கை மூலம் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்சியாளரின் சமயத் திருநாள் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. குடிமக்களின் திருநாள் அறிவிக்கைக்குக் காத்திருந்தது. விடுதலைக்குப் பின் வந்த திருத்தம் இந்த ஏற்றத்தாழ்வை நீக்கியது. ஞாயிறு மட்டும் சட்டத்தில் நிற்க, மற்ற எல்லாத் திருநாள்களும் அறிவிக்கையால் வரும் நாள்களாயின. இன்று கிறிஸ்துமஸும் பொங்கலும் ரம்ஜானும் ஒரே பட்டியலில் ஒரே தகுதியுடன் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறையை வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற சலுகை என்று சொல்வோர் இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அது இப்போது குடியரசு தன் குடிமக்களுக்குத் தரும் நாள்.

தமிழ்நாட்டில் இதற்குக் கீழே இன்னும் இரண்டு அடுக்குகள் உள்ளன. ஒன்று வரையறுக்கப்பட்ட விடுப்பு. அரசு ஊழியர் ஆண்டுக்கு மூன்று நாள்களை ஒரு நீண்ட பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். சாம்பல் புதன், பெரிய வியாழன், நவம்பர் 2-இல் வரும் கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆகியவை இந்தப் பட்டியலில் வருகின்றன. இங்கே விடுப்பு தனிமனிதருடையது. ஊர் வழக்கம்போல் இயங்கும்.

மற்றொன்று மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை. பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடப்படும். ஆனால் இது செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வராது. வங்கிகள் திறந்திருக்கும், கருவூலம் குறைந்த ஊழியர்களுடன் இயங்கும். ஈடாகப் பின்னால் ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தில் டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் இப்படி உள்ளூர் விடுமுறை கிடைக்கிறது. மதுரை மாவட்டத்தின் உள்ளூர் விடுமுறை அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குரியது. கத்தோலிக்கத் திருவிழா எதற்கும் இங்கே அது இல்லை.

பட்டியலில் உள்ள இரண்டு நாள்கள்

ஆக, மதுரையில் கிறிஸ்தவர்களின் பெயரால் வரும் பொது விடுமுறை இரண்டுதான்: டிசம்பர் 25, புனித வெள்ளி. ஈஸ்டர் எப்போதும் ஞாயிறு என்பதால் அதற்குத் தனி அறிவிப்பு தேவைப்படுவதில்லை. இந்த இரண்டு நாள்களின் குணமும் முற்றிலும் வேறு.

கிறிஸ்துமஸ் ஊருக்குள் இறங்கிவிட்ட திருநாள். டிசம்பர் பிறந்ததுமே வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்குகள் ஏறுகின்றன. அரையாண்டுத் தேர்வு முடிந்து புத்தாண்டுவரை பள்ளி விடுமுறை என்பதால், எந்த வீட்டுக் குழந்தைக்கும் அது மகிழ்ச்சியான வாரம். நள்ளிரவுத் திருப்பலியை ஊர்களில் பெரியவர்கள் இன்னமும் பூசை என்றே சொல்கிறார்கள். பூசை முடிந்து குழந்தை இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைத்தபின், காலையில் அக்கம்பக்கத்தார் குடில் பார்க்க வருவார்கள். அதிரசமும் முறுக்கும் கேக்கும் பக்கத்து வீடுகளுக்குப் போகும். தீபாவளிக்கு அங்கிருந்து வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்ற முறை இங்கே காப்பாற்றப்படுகிறது. விடுமுறை இல்லையென்றாலும் பூசை நடந்துவிடும். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நடக்காது. அதற்கு அடுத்த வீட்டாரும் வீட்டில் இருந்தாக வேண்டும்.

புனித வெள்ளி துக்க நாள். ஆண்டு முழுவதிலும் கத்தோலிக்க ஆலயத்தில் திருப்பலி நிகழாத வெள்ளி அதுதான். பீடத்தில் விரிப்பு இராது. மணி ஒலிக்காது, அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். காலையில் பதினான்கு நிலைகளாகச் சிலுவைப் பாதை, பிற்பகல் மூன்று மணியை ஒட்டித் திருப்பாடுகளின் வழிபாடு, சிலுவை முத்தி. பல பங்குகளில், அதாவது ஆலயத்தைச் சார்ந்த ஊர்ச் சபைகளில், வழிபாடு முடிந்து வருவோருக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், திருப்பலியில் பங்கேற்பது கடமையான கடன் திருநாள்களாகக் குறிப்பிடும் பத்து நாள்களில் புனித வெள்ளி இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். திருச்சபை அதை விழாவாகக் கருதாமல் ஒருசந்திக்கும், புலால் தவிர்க்கும் சுத்தபோசனத்துக்கும் உரிய நாளாக வைத்திருக்கிறது. அரசின் பட்டியல் அதை விடுமுறையாக வைத்திருக்கிறது. மக்கள் மனத்தில் அது ஆண்டின் மிகப் புனிதமான நாள். மக்களின் பக்தியை ஒட்டியே அரசு நாளைத் தேர்ந்திருக்கிறது, திருச்சபைச் சட்டத்தின் பட்டியலைப் பார்த்து அல்ல.

புனித வெள்ளி நம் நாட்காட்டியோடு இன்னொரு வகையிலும் உறவுடையது. மார்ச் 21-இலோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பது திருச்சபைக் கணக்கு. அதனால் புனித வெள்ளி பங்குனி அல்லது சித்திரை முழுநிலவை ஒட்டியே வரும். 2024-இல் மார்ச் 25 பங்குனி உத்திரம், மார்ச் 29 புனித வெள்ளி. 2019-இல் அது சித்ரா பௌர்ணமியோடு சேர்ந்தது. திருப்பரங்குன்றத்தின் பங்குனித் திருவிழாவும் மதுரையின் சித்திரைத் திருவிழாவும் கிறிஸ்தவரின் தவக்காலமும் ஒரே நிலவை நம்பியிருப்பதால், இவை மோதிக்கொள்வதோ கைகோப்பதோ அடிக்கடி நேரும். தேர்தலுக்கும் தேர்வுக்கும் தேதி குறிப்போர் இதை முன்கூட்டியே கணக்கிட முடியும், கணக்கிட வேண்டும்.

வேறு பெயரில் வரும் விடுமுறைகள்

பட்டியலில் பெயர் இல்லாமலே பொது விடுமுறையில் கொண்டாடப்படும் கத்தோலிக்கத் திருநாள்களும் உண்டு. முதலாவது ஆகஸ்ட் 15. அன்னை மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கொண்டாடும் விண்ணேற்புப் பெருவிழா. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போலந்து ஆகிய நாடுகளில் இந்தத் திருநாளுக்காகவே அன்று விடுமுறை. இங்கே அது சுதந்திர நாள். காலையில் திருப்பலி முடிந்ததும் அதே ஆலய வளாகத்தில் மூவண்ணக் கொடி ஏறும். இரண்டு விழாவுக்கும் ஒரே கூட்டம், ஒரே இனிப்பு. மன்னார் மாவட்டத்து மடு மாதா திருத்தலத்திலும் ஆவணித் திருவிழாவின் உச்சம் இதே நாள்தான். இலங்கையின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், தமிழரும் சிங்களரும், அங்கே கூடுகிறார்கள்.

இரண்டாவது பொங்கலை ஒட்டியது. ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாள். கால்நடைகளின் காவலராக வணங்கப்படும் புனிதர் அவர். பொங்கல் 15-இல் வரும் ஆண்டுகளில் 17 உழவர் திருநாள், அரசு விடுமுறை. மாடுகளைக் கோவில் முன் கொண்டுவந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொள்ளும் வழக்கம் கத்தோலிக்க ஊர்களில் உண்டு. மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் வட்டாரத்தில் கொசவபட்டி, புகையிலைப்பட்டி போன்ற ஊர்களில் ஆலயத் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டு நடக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களின் காளைகள் வாடிவாசலில் அவிழ்க்கப்படும்போது, எந்தச் சாமிக்கு நேர்ந்த காளை என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆலயங்களில் சமத்துவப் பொங்கல் வைப்பதும் இன்று பரவலாகிவிட்டது.

இந்த இரண்டிலும் அரசு கத்தோலிக்கத் திருநாளுக்கென்று எதையும் அறிவிக்கவில்லை. நாட்டின் நாளும் உழவின் நாளும் கிடைத்தன. திருநாள் அதில் இயல்பாகக் குடியேறியது.

விடுமுறையே இல்லாத பெருவிழாக்கள்

இனி, சிவப்பு எழுத்தின் உதவி சிறிதும் இல்லாமல் நடப்பவை. சமவெளியில் இவைதான் மிகுதி.

மதுரைக்குக் கிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பாற்றங்கரையில் இருக்கிறது ஓரியூர். லிஸ்பனில் 1647-இல் பிறந்து மதுரை மிஷனில் பணியாற்றிய ஜான் டி பிரிட்டோ, அதாவது அருளானந்தர், 1693 பிப்ரவரி 4-இல் இங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். திருமுழுக்குப் பெற்ற தடியத் தேவர் ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவினர். அந்தக் குடும்பப் பூசல் அரசியலாகி மரணத்தில் முடிந்தது. 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஓரியூரின் மண் அவர் இரத்தத்தால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அந்த மண்ணை மருந்தாக எடுத்துச் செல்கிறார்கள். முடி இறக்குகிறார்கள், கிடா வெட்டி அசனம் போடுகிறார்கள், தென்னங்கன்று காணிக்கை வைக்கிறார்கள். வருவோரில் இந்துக்கள் ஏராளம். அவரைக் கொல்ல ஆணையிட்ட ஆட்சி நடந்த அதே சீமையில், அந்த ஆட்சியின் குடிமக்களாய் இருந்தோரின் வழிவந்தவர்களே இன்று அவருக்கு நேர்ச்சை செலுத்துகிறார்கள். அவர் திருநாளான பிப்ரவரி 4 எந்த அரசுப் பட்டியலிலும் இல்லை.

மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூரில் 1894-இல் பிரெஞ்சுச் சேசு சபைத் துறவி ஃபெர்டினாண்ட் செல் கட்டிய இயேசுவின் திரு இருதய ஆலயம், பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டது. அங்கே திரு இருதயத் திருவிழாவும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகமும் சுற்றுவட்டாரத்து மக்களை ஈர்க்கின்றன. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னை திருத்தலம், மரியன்னையின் பிறந்தநாளான செப்டம்பர் 8-ஐ ஒட்டி நிரம்புகிறது. அதே நாள்களில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் சாலைகளில் சாரிசாரியாகப் போவார்கள்.

இந்த விழாக்களின் அமைப்பு எல்லாருக்கும் பழக்கமானது. கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ சங்கமோ அன்பியம் எனும் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவோ பொறுப்பேற்பது, கடைசி இரவில் மின்விளக்குச் சப்பரங்களின் பவனி, மறுநாள் கூட்டுத் திருப்பலியும் அசனமும், பின் கொடியிறக்கம். மண்டகப்படியும் கொடிமரமும் தேரும் தெரிந்த ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சப்பரத்துக்குப் பூக்கட்டுபவர், பந்தல் போடுபவர், மேளம் வாசிப்பவர், மின்விளக்கு கட்டுபவர் என்று விழாவின் பாதி உழைப்பு பிற சமயத்தாருடையது. 1606-இல் மதுரைக்கு வந்த சேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, கிறிஸ்தவராவதற்கு ஐரோப்பியராக வேண்டியதில்லை என்று வாதிட்டார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருடைய அணுகுமுறைக்கு இசைவளித்தார். நொபிலி நினைத்ததற்கும் அப்பால் போய், ஊர்மக்கள் அந்த வாதத்தைத் தங்கள் தெருக்களில் நிறுவிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட விழாக்களுக்கு நாள் எப்படிக் கிடைக்கிறது? பல பங்குகள் தேர்ப்பவனியைச் சனி இரவுக்கும் பெருவிழாத் திருப்பலியை ஞாயிறுக்கும் தள்ளிவைத்துக்கொள்கின்றன. கோடை விடுமுறையை ஒட்டிய மே மாதம் விரும்பப்படுகிறது. அறுவடை முடிந்து கையில் காசும் இருக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். ஊர் தன் விழாவுக்குத் தானே நாள் கண்டுபிடித்துக்கொள்கிறது.

கடற்கரையும் சமவெளியும்

தூத்துக்குடிக்கும் குமரிக்கும் கிடைக்கும் உள்ளூர் விடுமுறை மதுரையின் கத்தோலிக்கத் திருவிழாவுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி எழலாம். விடை வரலாற்றில் இருக்கிறது. முத்துக்குளித்துறையின் பரதவர் 1530-களில் சமூகமாகவே கத்தோலிக்கம் தழுவினர். பனிமய மாதா அந்தக் கடற்கரை முழுவதற்கும் தாயானாள். ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியின் கடைத்தெருவே அவள் விழாவைச் சுற்றிச் சுழல்கிறது. 1806-இல் முதன்முதலாக ஓடிய அவளுடைய தங்கத்தேர் சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே வெளிவரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர் ஏறத்தாழ 47 விழுக்காடு. அங்கெல்லாம் உள்ளூர் விடுமுறை, ஏற்கெனவே நின்றுபோயிருக்கும் அன்றாட வேலையை அரசு ஒப்புக்கொள்வதுதான். கோவாவில் சவேரியார் திருநாளும் கேரளத்தில் பெரிய வியாழனும் மாநில விடுமுறையாக இருப்பதும் இவ்வாறே.

மதுரைச் சமவெளியில் கத்தோலிக்கர் ஊர் ஊராகச் சிதறி வாழ்கிறார்கள். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பாதுகாவலர், ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். மறைமாவட்டம் முழுவதையும் ஒரே நாளில் நிறுத்தும் ஒற்றைத் திருவிழா இங்கே உருவாகவில்லை. அழகர் இறங்கும் நாளே மாவட்டத்தின் நாளாக இருப்பது நியாயம். அந்தக் கூட்டத்தில் கிறிஸ்தவர்களும் நிற்கிறார்கள்.

உலகம் காட்டும் பாடம்

விடுமுறைப் பட்டியல் நிலையானதாக எங்கும் இருந்ததில்லை. ஐரோப்பாவில் கடன் திருநாள்கள் பெருகியபோது 1642-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் அவற்றை வரம்புக்குள் கொண்டுவந்தார். 1911-இல் பத்தாம் பயஸ் மேலும் குறைத்தார். வேலைநாளை இழக்கும் ஏழைகளின் நிலையும் இத்தகைய குறைப்புகளுக்குப் பின்னால் இருந்தது. போலந்தின் கம்யூனிச அரசு 1960-இல் நீக்கிய திருக்காட்சித் திருநாள் விடுமுறை, 2011-இல் மீண்டது. போர்ச்சுகல் பொருளாதார நெருக்கடியில் நிறுத்திவைத்த விடுமுறைகளை 2016-இல் திரும்பத் தந்தது. பிலிப்பைன்ஸ் 2017-இல் சட்டம் இயற்றி டிசம்பர் 8 அமல அன்னை திருநாளை நாட்டின் விடுமுறையாக்கியது. அரசுகள் கொடுக்கின்றன, எடுக்கின்றன. எடுத்தபின்னும் விழா உயிரோடு இருந்த இடங்களில்தான் அது திரும்பக் கிடைத்தது.

விடுமுறை யாருக்கு?

இங்கேதான் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். பொது விடுமுறை என்று அரசு அறிவித்தாலும் அது எல்லாரையும் சேர்வதில்லை. தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வேறு கணக்கு வைக்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள்கள். அந்த ஐந்தில் புனித வெள்ளி பல இடங்களில் வருவதில்லை. விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை தர வேண்டும். இந்த உரிமை பலருக்குத் தெரியாது. கட்டடத் தொழிலாளிக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் விடுமுறை என்பது கூலி இல்லாத நாள். கிறிஸ்துமஸ் இரவில் பேராலயத் தெருவைப் பெருக்குபவரும், அழகர் போனபின் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்பவரும் தங்கள் திருநாளில் வேலை செய்கிறவர்கள்.

இதைவிடக் கடுமையான குறை ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எதற்குள் போகாது என்பது தமிழகத்தின் பல பங்குகளில் சாதியால் தீர்மானிக்கப்பட்டது. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் சாதி வேற்றுமையால் வளர்ந்த மோதல் 2008 மார்ச்சில் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இருவர் இறந்தனர். விழாவின் செலவுக்கு வரி வாங்கும்போது ஊராக இருப்பவர்கள், சப்பரம் சுமக்கும்போது வேற்றாராக ஆக்கப்பட்டால் அந்த விழாவைப் பொதுவென்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. பிற சமயத்தார் வந்து மெழுகுத்திரி ஏற்றுவதைப் பெருமையோடு சொல்லும் நாம், நம் சமயத்தாரையே தெரு பிரித்து நிறுத்துவதைப் பற்றி மௌனம் காக்க முடியாது.

முடிவாக

மேலே கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று உண்மைகள் தெரிகின்றன. அரசின் விடுமுறை இருந்தால் விழா அண்டைவீடுவரை பரவுகிறது. கிறிஸ்துமஸ் அதற்குச் சான்று. விடுமுறை இல்லாவிட்டாலும் ஊர் கூடித் தேர் இழுத்தால் விழா பொதுவாகிறது. ஓரியூரும் கொசவபட்டியும் அதற்குச் சான்று. ஊர் பிரிந்து நின்றால் எந்த விடுமுறையும் விழாவைப் பொதுவாக்காது. எறையூர் அதற்குச் சான்று.

ஆகவே மதுரைச் சமவெளியின் கத்தோலிக்கர் இன்னொரு சிவப்பு நாளைக் கேட்டுப் போராட வேண்டிய அவசியம் இல்லை. வேண்டியவை வேறு. தேர்தல், பொதுத்தேர்வு ஆகியவற்றின் தேதிகளை முடிவுசெய்யும் முன் பெரிய வியாழனும் சித்ரா பௌர்ணமியும் எங்கே விழுகின்றன என்று பார்க்கும் நிலையான நடைமுறை வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிமைகள் கடைப் பணியாளர்வரை சென்று சேர வேண்டும். பங்குப் பேரவைகள் தேர்ப்பாதையில் எல்லாத் தெருக்களையும் சேர்க்க வேண்டும். சப்பரம் சுமக்கும் முறையில் எல்லாக் குடும்பங்களுக்கும் இடம் தர வேண்டும். முதலிரண்டும் அரசிடம் கேட்க வேண்டியவை, கேட்டுப் பெற நாளாகும். மற்ற இரண்டையும் அடுத்த கொடியேற்றத்துக்கு முன்பே ஒவ்வொரு பங்கும் தானே செய்து முடிக்கலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.